பூம்புகாரிலிருந்து முத்துப்பேட்டை வரை: போர்க்கப்பல் சுமக்கும் படகுகள்

புதன், பூம்புகார்

மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. எல்லாம் கரைக்கு வந்து பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்துக்கொள்ளும் சமயம், ஆகவே படகு பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போது கிளம்பினால் போதும், வெயிலை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கடற்படையில் சீமேனாக இருந்தவன். சர்வீஸில் பெரும்பகுதி கப்பல் படகுகளோடுதான் போனது. இறக்குவது, ஏற்றுவது, ஓட்டுவது, சுரண்டி வண்ணம் பூசுவது எல்லாம் செய்திருக்கிறேன். துறைமுகத்தில் பொதுமக்களைக் கப்பலுக்குள் விடும் நாட்களில் வருகிற அத்தனை பேரும் பீரங்கியையும் ஏவுகணையையும் போட்டோ எடுப்பார்கள், பக்கவாட்டில் தொங்கும் படகை ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் கடலில் ஆள் விழுந்தால் இறங்குவது அந்தப் படகு. வெள்ளத்தில் சிக்கிய ஊருக்குள் போவதும், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குக் காய்கறியும் கடிதமும் கொண்டுவருவதும் அதுதான். இந்தப் பயணத்தில் எழுதப்போவது அதைப் பற்றித்தான், டெல்டா கரையை ஒட்டி ஒவ்வோர் ஊராக.

கூட வருவது அக்கா மகன். தஞ்சாவூரில் வேலை பார்க்கிறான், ஓய்வு நேரத்தில் மரத்தில் கப்பல் மாடல் செய்கிறான். இப்போது செய்வது காவேரி. நம் ஆற்றின் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்தது இங்கேயே பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தில் யாரோ (Yarrow) என்ற நிறுவனத்தின் கட்டுமானத் தளத்தில் 1943 ஜூனில் கடலில் இறங்கிய ஸ்லூப் வகைக் கப்பல், அன்றைய ராயல் இந்தியக் கடற்படைக்காகக் கட்டியது, பக்கவாட்டில் யு 10 என்று எண். கிட்டத்தட்ட 300 அடி நீளம். 96-இல் ஒரு பங்காகச் செய்தால் மூன்றடிக்குச் சற்று மேல் வரும். உடல் முடிந்துவிட்டது, பீரங்கி முடிந்துவிட்டது, படகுகள்தான் பாக்கி. அதற்காகத்தான் என்னைப் பிடித்திருக்கிறான்.

பூம்புகாரில் காவிரி கடலோடு சேரும் இடத்தில் இப்போது தண்ணீர் இல்லை, மேட்டூர் திறந்து அது வந்து சேர இன்னும் நாள் ஆகும். நாங்கள் பக்கத்தில் கீழையூருக்குப் போனோம். 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது அங்கே ஒரு செங்கல் படகுத்துறை கிடைத்தது. செங்கல் மேடை, அதையொட்டிப் படகு கட்ட நட்ட மரத்தூண்கள். அந்த மரம் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார்கள். இதே ஊரில்தான் சுங்கம் வாங்கிய மூட்டைகளில் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து அனுப்பினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. துறையும் முத்திரையும் இந்த ஊருக்கு அவ்வளவு பழக்கம்.

"போர்க்கப்பல்ல இந்தத் தூணுக்குப் பதிலா என்ன மாமா?" என்று கேட்டான். பூம்தான். கப்பல் நங்கூரம் போட்டதும் பக்கவாட்டிலிருந்து நீளமான ஒரு கட்டையை வெளியே திருப்பி நீட்டுவார்கள், அதிலிருந்து கயிறுகளும் ஒரு நூலேணியும் தொங்கும். படகுகள் கப்பலின் உடம்பில் இடிக்காமல் தள்ளி, அந்தக் கயிறுகளில் கட்டிக் கிடக்கும். படகுக்காரர் கட்டை மேலே நடந்துபோய் நூலேணியில் இறங்க வேண்டும். இளம் சீமேன்களுக்கு முதல் சில நாள் கால் நடுங்கும், அப்புறம் கையில் டீ கிளாஸோடு நடப்பார்கள்.

வியாழன், தரங்கம்பாடி

டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் மதிலில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். நேர் எதிரே கடல், துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. கப்பல் வெகுதூரத்தில் நங்கூரம் போடும், கரைக்கும் அதற்கும் நடுவே அலை வரிசை வரிசையாக உடையும். சோழமண்டலக் கரை முழுக்க இதே கதைதான்.

ஐரோப்பியக் கப்பல்கள் தங்கள் படகுகளைக் கூடவேதான் கொண்டுவந்தன, ஆனால் இந்த அலையில் அவை ஒன்றுக்கும் உதவவில்லை. ஆணி அடித்த விறைப்பான மரப்படகு அலை முறியும் இடத்தில் தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். அதனால் அலைக்கு வெளியே கப்பல் படகை நிறுத்திவிட்டு, நம் ஊர்ச் சலங்கில் ஆளும் சரக்கும் மாறும். மசூலா படகு என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தது இதைத்தான். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றுநாரால் தைத்திருப்பார்கள், தரையில் மோதும்போது உடம்பு நெளிந்து கொடுக்கும், உடையாது. கடிதம் மட்டும் என்றால் கட்டுமரம் போதும், சென்னையில் கட்டுமரக்காரர்கள் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போனார்கள்.

சரி, அந்தப் பாய்க்கப்பல்கள் என்னென்ன படகுகள் வைத்திருந்தன? மருமகன் நோட்டை எடுத்துக்கொண்டான். பெரியது லாஞ்ச். அகலமானது, கனமானது, தண்ணீர்ப் பீப்பாயும் நங்கூரமும் தூக்கும், தேவைப்பட்டால் அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு சிறு பீரங்கியும் வைக்கலாம். அதற்கு முன் அந்த இடத்தில் லாங்போட் இருந்தது, பிரிட்டிஷ் கடற்படை 1780 வாக்கில் லாஞ்சுக்கு மாறியது. அடுத்து பினாஸ், அதிகாரிகளுக்கு. பார்ஜ் என்றால் அட்மிரல் ஏறுவது. கட்டர் என்றால் பலகை மேல் பலகை ஏறிய உடம்போடு, அலையில் லேசாக மிதக்கும், ஓட்டத்துக்கும் நல்லது. கிக் ஒல்லியானது, வேகமானது, கேப்டனுக்குரியது. கடைசியாக ஜாலி போட், எல்லாச் சில்லறை வேலைக்கும். ஒரே பெயர் காலத்துக்குக் காலம் வேறு வேறு படகைக் குறித்திருக்கிறது, ஆகவே மாடல் செய்பவர் ஆண்டைத் தீர்மானிக்காமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு படகு செய்யக் கூடாது. இதை அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

இந்தப் படகுகளைத் தளத்தின் நடுவே, உதிரிப் பாய்மரக் கட்டைகளின் மேல் அடுக்கிவைப்பார்கள். சண்டை வருகிறது என்றால் இறக்கிப் பின்னால் கட்டி இழுத்துவருவார்கள், ஏனென்றால் தளத்தில் இருக்கும் படகின் மேல் குண்டு விழுந்தால் தெறிக்கும் மரச்சிராய்களே ஆளைக் கொன்றுவிடும். இங்கிருந்து தெற்கே, நாகப்பட்டினத்துக்கு எதிரில், 1782 ஜூலை 6 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலப் படகுக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். காற்று செத்தால் கப்பலைக் கயிறு கட்டித் துடுப்பு போட்டு இழுப்பது அவர்கள் வேலை, வரலாற்றில் பெயர் இருப்பது தளபதிகளுக்கு.

மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு மாலை பஸ்ஸில் காரைக்கால்.

வெள்ளி, காரைக்கால்

அரசலாறு முகத்துவாரத்தில் இன்று முழுக்க வேலர் என்ற துடுப்புப் படகைப் பற்றியே பேச்சு. காரணம் இருக்கிறது, புதுச்சேரி என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்கள் வேலரில் பாய் கட்டிக் கடல்வழியாகக் காரைக்காலுக்கு வருவதுண்டு. தலைமுறை தலைமுறையாக நம் நாட்டில் கடற்படைக்குப் போகிறவன் முதலில் கை வைக்கும் படகு இது.

27 அடி நீளம். முன்னும் பின்னும் கூர். திமிங்கில வேட்டைப் படகிலிருந்து வந்த வடிவம் இது, திமிங்கிலம் திரும்பினால் படகைத் திருப்ப நேரம் இருக்காது, அப்படியே பின்னால் துடுப்பு போட்டு விலக வேண்டும், அதற்குத்தான் இரண்டு பக்கமும் கூராக வைத்தார்கள். ஐந்து துடுப்பு, ஒற்றைப்படை. வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு. சுக்கானில் காக்ஸன், படகை நடத்துபவர். பழைய வேலரின் மரவேலையைக் கிட்டத்தில் பார்த்தால் அழகு புரியும்: ஒவ்வொரு பலகையும் கீழ்ப் பலகையின் விளிம்பைக் கொஞ்சம் மூடி உட்கார்ந்திருக்கும், அந்த இரட்டிப்பு வழியாகச் செம்பு ஆணி வெளியிலிருந்து உள்ளே வந்து, உள்பக்கம் ஒரு சின்னச் செம்பு வில்லையில் தலை தட்டி மடிந்திருக்கும். வருஷக்கணக்காக வார்னிஷ் ஏறி அந்த வில்லைகளைச் சுற்றி மட்டும் மரம் கறுத்திருக்கும். கையால் தடவினால் வரிசை தப்பாமல் விரலில் தட்டும். நடுவில் கீழே இறங்கி ஏறும் தகடு ஒன்று உண்டு, பாய் கட்டும்போது அதை இறக்கினால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாது.

96-இல் ஒரு பங்கில் இந்தப் படகு எட்டரை சென்டிமீட்டர் வரும். அதில் பலகை மேல் பலகை காட்டுவது எப்படி என்று மருமகன் யோசித்துக்கொண்டிருந்தான். கனமான காகிதத்தைக் கீற்றாக வெட்டி ஏரா, அதாவது அடிக்கட்டை, பக்கத்திலிருந்து மேலே ஒட்டிக்கொண்டு வா, மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் ஏறட்டும் என்றேன்.

வேலர் கப்பலில் சீ போட்டாகவும் இருந்தது, அதாவது எந்த நேரமும் இறக்கத் தயாராக டேவிட் என்ற படகு தூக்கும் கைகளில் வெளிப்பக்கம் தொங்கும் படகு. ஒலிபெருக்கியில் சீ போட் ஆட்களைக் கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். உயிர்காக்கும் சட்டை மாட்டிக்கொண்டு ஏறி, மேலே இருந்து தொங்கும் முடிச்சுக் கயிறை ஒரு கையில் பிடித்துக்கொள்வார்கள், படகு நழுவினாலும் ஆள் தொங்கிக்கொள்ளலாம். கப்பல் முழுதாக நிற்காது, மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும். அணியத்திலிருந்து கப்பலின் முன்பக்கத்துக்கு ஒரு கயிறு. இரு முனையும் கொக்கியில், அந்த இரண்டு கொக்கியும் ஒரே விநாடியில் கழல வேண்டும், ஒன்று முந்திக் கழன்றால் படகு ஒற்றை முனையில் செங்குத்தாகத் தொங்கும், உள்ளே இருப்பவர்கள் கடலில். அதற்காகவே ராபின்சன் கியர் என்ற அமைப்பு. முதலில் கொக்கியைப் பூட்டியிருக்கும் பின்னை எடு என்று கட்டளை வரும், அப்புறம் ஓர் அலை உச்சி அடியில் வரும்வரை காத்திருந்து ஸ்லிப் என்பார்கள். படகு தண்ணீரில் விழும் அந்தச் சத்தத்தோடு காக்ஸன் சுக்கானைத் திருப்புவார், முன்கயிறு இழுக்கிற வேகத்திலேயே படகு கப்பலை விட்டு விலகிப்போகும், அதற்குப் பிறகுதான் துடுப்பு.

இன்று இந்த வேலையைச் செய்வது ரிப், அதாவது அடிப்பகுதி விறைப்பான ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த குழாய். பெரும்பாலும் ஒரே கொக்கியில் ஏறி இறங்குவதால் இரண்டு முனை என்ற கவலை இல்லை. முழுக்க காற்றடைத்தது ஜெமினி. அதை டெல்டாக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, 2015 சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வெள்ளத்திலும் கடற்படை கொண்டுவந்த கறுப்புப் படகை டிவியில் பார்க்காதவர் யார்? சுருட்டி லாரியில் போடலாம், தெருவில் ஊதி இறக்கலாம்.

ராத்திரி அறையில் இருந்தபடி அவனுக்குப் படகு விசாரிப்பைச் சொன்னேன். இருட்டில் ஒரு படகு கப்பலை நோக்கி வந்தால் காவலில் இருப்பவர் "போட் அஹாய்!" என்று கத்துவார். படகில் அட்மிரல் இருந்தால் பதில் "ஃப்ளாக்". கேப்டன் இருந்தால் அவருடைய கப்பலின் பெயர். மற்ற அதிகாரி என்றால் "அய் அய்", அதிகாரி இல்லை என்றால் "நோ நோ", இந்தக் கப்பலுக்கு வரவில்லை என்றால் "பாஸிங்". பதிலைக் கேட்டதும் கப்பலில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படையில் வளர்ந்த வழக்கம். குரலால் சொல்லும் அடையாளம் இது, பகலில் இதைப் படகின் உடம்பே சொல்லும், அதை நாளை நாகையில் விரிவாக எழுதுகிறேன்.

சனி, நாகப்பட்டினம்

காரைக்காலிலிருந்து வரும் வழியில் வாஞ்சூர் பக்கம் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் நின்றது, பின்பக்கம் உச்சியில் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு. வணிகக் கப்பல் படகுக்கு உலகம் முழுக்க ஒரே விதி: இரண்டு பக்கமும் அணியத்தில் கப்பலின் பெயரும் பதிவுத் துறைமுகமும் பெரிய ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் இருக்க வேண்டும், ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தாலும் எந்தக் கப்பலின் எத்தனையாவது படகு என்று தெரியும்படி மேலேயும் குறி இருக்க வேண்டும். வலப்பக்கப் படகுகளுக்கு ஒற்றைப்படை எண், இடப்பக்கத்துக்கு இரட்டைப்படை என்பது வழக்கம்.

போர்க்கப்பல் படகில் குறி வேறு வகை. பிரிட்டிஷ் கடற்படையில் படகின் அணியத்தில் கப்பலின் சின்னத்தை உலோகத்தில் வார்த்துப் பொருத்தினார்கள். தேவை மிகச் சாதாரணமானது: ஒரு துறைமுகப் படிக்கட்டில் பத்துக் கப்பலின் படகுகள் வந்து மொய்க்கும், ஊர் சுற்றிவிட்டு இரவில் வரும் மாலுமி தன் கப்பல் படகு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளாளுக்கு இஷ்டப்படி வரைந்துகொண்டிருந்ததை 1918 முதல் ஒழுங்குபடுத்தினார்கள். பெரிய போர்க்கப்பலுக்கு வட்டம், குரூஸருக்கு ஐங்கோணம், டிஸ்ட்ராயருக்குக் கேடயம், மற்றவற்றுக்குச் சாய்சதுரம். வடிவத்தைப் பார்த்தாலே எந்த வகைக் கப்பலின் படகு என்று தெரிந்துவிடும். அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போய், அட்மிரலின் பார்ஜுக்குக் கறுப்பு உடம்பும் அணியத்தில் அவர் பதவிக்கேற்ற நட்சத்திரங்களும் வைத்தார்கள், பின்பக்கக் கொடிக்கம்பத்தின் உச்சியைப் பார்த்தால் உள்ளே இருப்பவர் யாரென்று தெரியும்: கோடரித்தலை ஈட்டி என்றால் அட்மிரல், உருண்டை என்றால் கேப்டன், நட்சத்திரம் என்றால் கமாண்டர், அதற்குக் கீழே என்றால் தட்டையான மூடி.

மதியம் அக்கரைப்பேட்டை. கடுவையாற்றில் விசைப்படகுகள் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்றின் அணியத்தில் ஒரு பெயின்டர் பதிவு எண் எழுதிக்கொண்டிருந்தார். மேலும் கீழும் சுண்ணாம்பு நூலைச் சுண்டி இரண்டு கோடு, அதற்குள் பென்சிலால் எழுத்து. இடது கையில் துணி சுற்றிய ஒரு குச்சி, அதைப் படகின் மேல் சாய்த்து அதன் மேல் வலக்கை மணிக்கட்டை வைத்து இழுக்கிறார், பலகை வளையும் இடத்தில் எழுத்தையும் கொஞ்சம் அகலப்படுத்துகிறார், அப்போதுதான் தூரத்திலிருந்து நேராகத் தெரியுமாம். ஐ.என்.டி, டி.என், 06, எம்.எம், அப்புறம் எண். இந்தியா, தமிழ்நாடு, நாகை, விசைப்படகு என்று அர்த்தம். புதுச்சேரி மாநிலப் படகு என்றால் டி.என். இருக்கும் இடத்தில் பி.ஒய். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகு உடம்பின் நிறத்தையும் மாநிலவாரியாக வகுத்தார்கள்.

"நம்பர் மங்கிட்டா கடல்ல நாம யாருன்னு கேக்குறவங்களுக்கு எதைங்க காட்றது?" என்றார் பெயின்டர், பிரஷ்ஷை எடுக்காமலே.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சுனாமியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26-இல் இங்கே படகுகள் ரோட்டிலும் வீட்டு மேலும் கிடந்தன, அணியம் மட்டும் உடைந்து தனியாகக் கிடந்த இடத்தில்கூட எண்ணைப் பார்த்துத்தான் இது இன்னாருடையது என்று ஆள் அனுப்பினார்களாம். இந்தியக் கடற்படை தமிழ்நாடு, ஆந்திரக் கரைக்கு நடத்திய மீட்புப் பணிக்கு ஆபரேஷன் மதத் என்று பெயர். பெரியவர் ஒரு ஜெமினியை ஞாபகம் வைத்திருக்கிறார். "பேரு தெரியாதுங்க தம்பி, கறுப்பா வந்துச்சு, எங்க பையனைத் தேடிக் குடுத்தாங்க" என்றார். எந்த நிலையில் தேடிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து திரும்பும்போது மருமகன் ஆண்டைத் தீர்மானித்துவிட்டான். 1943 என்றால் பெயருக்கு முன் எச்.எம்.ஐ.எஸ். (மன்னரின் இந்தியக் கப்பல்) வரும், படகின் பின்கொடி பிரிட்டிஷ் வெள்ளைக் கொடி. 1950 ஜனவரி 26 முதல் ஐ.என்.எஸ்., கொடியின் மூலையில் யூனியன் ஜாக் இருந்த இடத்தில் மூவர்ணம், சிவப்புச் சிலுவை அப்படியே. இன்றுள்ள கொடி 2022 செப்டம்பர் 2-இல் வந்தது, விக்ராந்த் சேவையில் சேர்ந்த அன்று, சிலுவை போய் நீல எண்கோணத்துக்குள் நங்கூரம். காவேரி அதைப் பார்க்கவில்லை. அவன் 1950-ஐ எடுத்துக்கொண்டான். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். அப்படியென்றால் போர்க்காலத்துக் கார்லி என்ற உயிர்காப்பு மிதவைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம், வேலரும் மோட்டார் படகும் எடுப்பாகத் தெரியும். நிஜப் படகில் மூன்று அங்குல எழுத்து அந்த அளவில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பெயின்டரின் குச்சி உத்தியை ஊசி முனைப் பிரஷ்ஷுக்குச் செய்து பார்க்கிறேன் என்கிறான்.

ஞாயிறு, வேதாரண்யம், கோடியக்கரை

இன்று குறைவாகத்தான் எழுத இருக்கிறது. உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரை. 2018 கஜா புயல் முறித்த மரங்களின் இடைவெளி காட்டில் இன்னும் தெரிகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்யும் கரை இது, அப்போது பல ஊர்ப் படகு ஒரே மணலில் கிடக்கும், ஒவ்வொன்றும் தன் ஊர்க் கோயில் பெயரையோ பிள்ளை பெயரையோ அணியத்தில் சுமந்துகொண்டு. இப்போது ஃபைபர் படகுகள் சில மட்டும்.

டீக்கடையில் எம்டன் பேச்சு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட அதே ஜெர்மன் கப்பல் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுக்கு எதிரே போய் நின்று, அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேரை அனுப்பியது. ஒரு நீராவிப் படகு, அது இழுத்துப்போன இரண்டு கட்டர். அவர்கள் கரையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்துவிட, எம்டன் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று, சண்டையில் அழிந்தது. கரையில் நின்றவர்கள் அங்கே கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு, தங்கள் நீராவிப் படகாலேயே அதை வெளியே இழுத்துவிட்டு, பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். படகில் இறங்கியதால் பிழைத்தவர்கள். இந்தக் கதையில் எல்லாரும் எம்டனின் பீரங்கியைச் சொல்வார்கள், நான் அந்த நீராவிப் படகைச் சொல்வேன்.

திங்கள், முத்துப்பேட்டை

அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனோம். கோரையாற்று வழி, இரண்டு பக்கமும் அலையாத்தி மரம், கடைசியில் காயல் விரிகிறது. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டபோது படகுக்காரர் கழியை ஊன்றிக் காட்டினார், இடுப்பளவு. பாக் நீரிணையே ஆழம் குறைந்த கடல்தான், பெரிய போர்க்கப்பல் இந்தக் கரைக்கு அருகில் வரவே முடியாது.

அப்படிப்பட்ட இடங்களுக்காகவே சர்வே கப்பல்கள் ஒரு தனிப் படகைச் சுமக்கின்றன. கடலாழம் அளந்து வரைபடம் போடும் கப்பல் ஆழத்தில் நிற்கும், உள்ளே அளக்க சர்வே மோட்டார் படகு இறங்கும், அடியில் ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவியோடு, ஒரே நேர்க்கோட்டில் போய்த் திரும்பி அடுத்த கோட்டில் வரும், உழுவது போலத்தான். 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சேவையில் சேர்ந்த சந்தாயக் இந்த வகைக் கப்பல். ஜலாஷ்வா இன்னொரு தினுசு. அதன் வயிற்றுக்குள் தண்ணீரை விட்டுத் தரையிறங்கு படகுகளை மிதக்கவிட்டே வெளியே அனுப்பும், அந்தப் படகின் முன்பக்கம் கதவாகக் கீழே விழுந்து லாரி நேராக மணலில் இறங்கும். எனக்குத் தெரிந்து படகுக்காகக் கப்பலைக் கட்டுவது என்றால் அதுதான்.

திரும்பி வரும்போது படகுக்காரரிடம் வத்தையைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அப்பா ஓட்டியிருக்கிறார். பாய் கட்டிய படகு, குறுக்கே நீளமாக ஒரு பலகை வெளியே நீட்டியிருக்கும், காற்றடிக்கும் பக்கத்துக்கு அதை நகர்த்தி ஆட்கள் அதன் மேல் போய் உட்கார்வார்கள், காற்று ஏற ஏற ஆள் வெளியே நகர வேண்டும். வேலரில் பாய் கட்டும்போது நாங்களும் காற்றுப் பக்க விளிம்பில் ஏறித்தான் உட்கார்வோம், ஆனால் பலகை கிடையாது. பலகை இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ பாய் தாங்கியிருக்கும்.

"அந்தப் பலகை எவ்ளோ நீளம் இருக்கும்ங்க?" என்று மருமகன் கேட்டான். படகுக்காரர் எழுந்து, அணியத்துக்குப் பக்கத்தில் இருந்து நடுவரைக்கும் காலால் அளந்து காட்டினார், அப்புறம் இன்னும் ரெண்டு அடி சேர்த்துக்குங்க என்றார். அவன் நோட்டில் குறித்துக்கொண்டான், அடுத்த மாடல் வத்தை என்று அதன் கீழேயே எழுதியும் வைத்துவிட்டான். நாளை காலை பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர். முத்துப்பேட்டையில் காட்டுக்குள் போக நினைப்பவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாருங்கள், குடிதண்ணீர் கையோடு கொண்டுவாருங்கள், உள்ளே கடை எதுவும் கிடையாது.